லேக் வியூ நகரின் முதல் வீடு

குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து கவுன்சிலர் மாதப்பன் எங்கே நின்றாலும் அங்கே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கியது. உட்கார்ந்தால் முழங்கால் வரைக்கும் ஏறும். நல்ல தெளிந்த தண்ணீர், கொஞ்சம் பாசி வாசம், ஓரத்தில் இரண்டு தவளை. கட்சிக்காரர்கள் முதலில் ஏதோ வியாதி என்று நினைத்து ஓசூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். டாக்டர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நாடி பார்த்து, உடம்பில் குறையில்லை, தண்ணீரிலும் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

வழக்கைப் போட்டது பூங்கொடி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து சிப்காட்டில் மிஷின் ஓட்டுகிறவள். அவளும் கணவன் மதுரைவீரனும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி மூக்கண்டப்பள்ளிக்கு அந்தாண்டை லேக் வியூ நகரில் ஒரு மனை வாங்கினார்கள். மனை பார்க்கப் போன அன்றைக்கே வடகிழக்கு மூலை சொதசொதவென்று இருந்தது. அதற்கு, அந்த மனைகளைப் போட்டு விற்ற மாதப்பன், "ஈசானியத்துல தானா தண்ணி நிக்குதுன்னா அது லட்சுமி கடாட்சம்மா, பெங்களூர்க்காரங்க இதுக்குன்னே தொட்டி கட்டுறாங்க" என்றார். வாஸ்து பார்த்த ஜோசியரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஈர மூலை மனைக்கு அடிபிடி நடந்து, அதைத் தட்டிக்கொண்டு வந்த பெருமையில் பூங்கொடி ஒரு வாரம் ராத்திரி தூங்கவில்லை. நகரில் முதல் வீடு அவளுடையது. பால் காய்ச்சின மறு மழைக்குத் தரை உப்பி, பூஜை அலமாரிக்குள்ளிருந்து ஒரு நண்டு வெளியே வந்தது. விசாரித்தால், அந்த நகரம் மொத்தமும் மாரம்மா ஏரி. லாரி லாரியாக மண் கொட்டி மூடி, ஏரி என்பதையே இங்கிலீஷில் பலகையில் எழுதிவைத்திருக்கிறார் மனுஷன். அவள் நேரே போலீஸ் ஸ்டேஷன் படியேறினாள். கடாட்சம் என்று சொன்ன அதே வாயால், ஏமாற்றினேன் என்று ஊர் முன்னால் சொல்லவேண்டும் என்பதுதான் அவள் கேட்டது.

வழக்கு உள்ளவர் மறுபடி தேர்தலில் நிற்கலாமா என்று டீக்கடைகளில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் சண்டை நடந்தது. குற்றம் சாட்டினால் குற்றவாளியா என்று ஒரு கூட்டம். திருடன் கையில் சாவியா என்று இன்னொரு கூட்டம். அந்தச் சண்டையைத் தீர்த்துவைத்தது கோடை. போர்வெல்லெல்லாம் காற்று ஊத, டேங்கர் லாரி எட்டிப் பார்க்காத ஒரு நாள், ஓட்டுக் கேட்டு வந்த மாதப்பன் தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அந்தத் தெருவில் குடியிருக்கிற செல்வம்மாள் குடத்தை அவர் காலடியில் சாய்த்து மொண்டுகொண்டு போனாள். அப்புறம் நாற்காலியைச் சுற்றிக் குடங்கள் வரிசை கட்டின. இடம் பிடிக்கக் கல் வைத்தவர்களும் உண்டு. அவர் அமோகமாக ஜெயித்தார். காலையில் கிழக்குத் தெரு, மாலையில் மேற்குத் தெரு என்று முறை போட்டு உட்கார்ந்தார். இவ்வளவு ஒழுங்காக மக்கள் பணி செய்த கவுன்சிலர் அந்த வார்டுக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை என்பதை அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள்.

வழக்கு நடக்கிறவரைக்கும்தான் தண்ணீர் என்பது ஊருக்குச் சொல்லாமலே புரிந்திருந்தது. அதனால் வழக்கு நடக்கவேண்டும், ஆனால் முடியக்கூடாது. வாய்தா வாங்கின நாளெல்லாம் தெருவில் பாயசம். சில வருஷம் இப்படியே போனது. கடைசியில் பூங்கொடி சாட்சி சொல்லும் நாள் குறித்தபோது, செல்வம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"உன் கோவம் நாயந்தான் பூங்கொடி. அதுக்காக எங்க குடத்த ஒடைக்காத. அன்னைக்கு ஜொரம்னு படுத்துக்கம்மா."

மதுரைவீரன் பயந்தது வேறு விஷயத்துக்கு. "ஏரின்னு நீயே சொன்னா நம்ம வீடு என்னாகும்? கொஞ்சம் யோசி புள்ள." அதை அவள் யோசிக்காமலா இருந்தாள்? அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லையும் அவளுக்குத் தெரியும். அடுப்பங்கரையில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு கோர்ட்டுக்குப் பஸ் ஏறினாள்.

டவாலி மூன்று தரம் கூப்பிட்டார். மாதப்பன் கூண்டில் ஏறியதும் நீதிமன்றத்தில் எல்லோரும் வழக்கம்போலச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். மாதப்பனின் வக்கீல் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். "அது ஏரி என்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் குடியிருக்கிற வீடு?" என்று சாட்சிக் கூண்டில் நின்ற பூங்கொடியைச் சிரித்தபடி கேட்டார்.

பூங்கொடி மாதப்பனைப் பார்த்தாள். காலடியில் தண்ணீர் இருந்தும் அவருக்கு உதடு காய்ந்திருந்தது.

"அதுவும் ஏரிதாங்க" என்றாள்.

மாதப்பனின் காலடித் தண்ணீர் ஒருமுறை சிலிர்த்தது. பிறகு கூண்டிலிருந்து இறங்கி, வாசல் வழியாக வெளியே போனது. தவளைகளும் போயின. பஸ் ஸ்டாண்டைக் கடந்து, சிக்னலில் நின்று, பச்சை விழுந்ததும் ஹைவே ஓரமாகவே மூக்கண்டப்பள்ளிக்குப் போனதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். பூங்கொடி வீடு திரும்பியபோது ஏரி ஜன்னல் மட்டத்துக்கு நின்றிருந்தது. மாதப்பனுக்குத் தண்டனை கிடைத்தது, பதவி போனது. இப்போது ஜெயிலில் குளிக்கும் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறார். ஏரி நிறைந்ததும் சுற்றுவட்டாரத்து போர்வெல்லெல்லாம் ஊறிவிட்டன. செல்வம்மாள் மட்டும் பூங்கொடியிடம் ஒரு மாசம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் கரையில் நின்று கூப்பிட்டு, கொத்தமல்லிக் கட்டு ஒன்றைத் தூக்கிப் போட்டாள்.

பூங்கொடியும் மதுரைவீரனும் மொட்டைமாடியில் தகரம் போட்டுக் குடியிருக்கிறார்கள். ஒகேனக்கல்லிலிருந்து வாங்கிவந்த பரிசலில் அவள் கரைக்கு வந்து கம்பெனி பஸ் ஏறுகிறாள். இடைத்தேர்தலுக்கு நின்ற மாதப்பன் மனைவி மணிமேகலை, இன்னொரு பரிசலில் கும்பிட்டபடி வந்தாள். பூங்கொடி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து முதலில் அவள் காலைத்தான் பார்த்தாள். சேலைக் கரை காய்ந்தே இருந்தது.

"உங்க மேல கேஸ் எதுவும் இல்லையாக்கா?"

"இன்னும் இல்லம்மா" என்றாள் மணிமேகலை, ஏதோ குறை இருப்பதைப்போலக் கூச்சப்பட்டு.

"போட்டா நாந்தான் போடணும். இப்பவே சொல்லிட்டேன்" என்ற பூங்கொடி, வந்தவளை வெறுங்கையோடு அனுப்பக்கூடாதென்று, ஈசானிய மூலையில் அன்று காலை பிடித்த கெண்டையில் இரண்டை எடுத்துப் பரிசலில் போட்டாள்.