தெரியும் என்ற சொல்

பொன்னாடையின் ஜரிகை கழுத்தில் உரச, போர்த்திய தணிகாசலத்தின் கை தோளில் ஒரு கணம் கூடுதலாகத் தங்கியதும் மங்கையர்க்கரசி தோளை விலக்கிக்கொள்கிறார், இதே கைதான் அன்று அந்த விசாரணை அறிக்கையை மேசைமேல் தள்ளியது, ஒரு கையெழுத்து போதும்மா என்றது, அவருடைய பணி ஓய்வு விழாவுக்கு வந்த கூட்டம் கைதட்டுகிறது, அறிவு என்றால் என்ன என்பதைக் குறியீடுகளால் எழுதிக்காட்டிய மேதை என்று யாரோ புகழ்கிறார், ஆமாம், முப்பத்திரண்டு வருடம், ஒருவர் ஒன்றை அறிவார் என்பதற்கு ஓர் எழுத்து, அவர் அறிவார் என்பதை இன்னொருவர் அறிவார் என்பதற்கு இரண்டு எழுத்து, கரும்பலகை நிறைய அதுதான், அன்றைய வகுப்பின் முதல் வரிசையில் ஜெபராணி, நாகர்கோவில் பெண், அவருடைய ஆய்வு மாணவி, அவள் கொண்டுவந்த நிரூபணத்தின் மூன்றாம் படியில் ஒரு பிழை, மங்கையர்க்கரசியே சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தார், ஒரு வருடம் கழித்து அதே நிரூபணம், அந்தத் திருத்தத்தோடு, துறைத் தலைவர் தணிகாசலத்தின் பெயரில் அச்சாகி வந்தது.

ஜெபராணியின் புகாரை விசாரித்த குழுவில் மங்கையர்க்கரசியும் இருந்தார், அறைக்கு வெளியே ஜெபராணி மறித்து நின்றாள், மேடம், அது என் வேலைன்னு உங்களுக்குத் தெரியும்லா என்று கேட்டாள், தெரியும்னு சொல்றதுக்கு நிபந்தனை இருக்கும்மா, ரெண்டு பேருக்குத் தனித்தனியாத் தோணியிருக்கலாம், அந்தச் சாத்தியத்தை விலக்காம தெரியும்னு சொல்ல முடியாது என்றார், என்ன அழகான வாதம், சொல்லும்போதே வாயெல்லாம் புளித்தது, திருட்டு என்று அறிய வழியில்லை என எழுதிக் கையெழுத்திட்டார், அடுத்த ஜூனில் பேராசிரியர் பதவி வந்தது, ஜெபராணி ஆய்வை விட்டுப் போனாள், இப்போது விழா மேடையில் மைக் அவர் கையில், எனக்குத் தெரியும் என்கிறார், சார் பேர்ல வந்தது ஜெபராணியோட நிரூபணம், அதுல இருந்த திருத்தம் நான் போட்டது, தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன், யாரோ மைக்கை அணைத்தார்கள், மேடத்துக்கு சுகர் இறங்கிடுச்சு போல என்று தணிகாசலம் சிரிக்க, கூட்டம் சாப்பாட்டுக்கு எழுந்தது, எவரும் மங்கையர்க்கரசியின் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் எண்ணைத் தேடிப்பிடித்து ஜெபராணியை அழைத்தார், மார்த்தாண்டத்தில் டியூஷன் எடுக்கிறாளாம், மேடையிலயே சொல்லிட்டேம்மா, பல்கலைக்கழகத்துக்கும் எழுதிக் கொடுத்துட்டேன், எனக்குத் தெரியும்னு என்றார், உங்களுக்குத் தெரியும்னு எனக்கு அன்னைக்கே தெரியும் மேடம், அதனாலதான் போனேன், அவரு திருடுனதுக்காக இல்ல, என்றாள் ஜெபராணி, பிறகு கோபமே இல்லாத குரலில், பிள்ளைக வந்துட்டு, வச்சிரட்டுமா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.