பொதுவாச் சொன்னேன்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கட்டினவரில் ஆரம்பித்துக் கடைக்காரர் வரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். அப்படிப்பட்ட எனக்கு அமைந்ததோ, சொந்தமாக ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாத வேலை. தொலைபேசி மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரியிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ அழைப்பு வரும். அங்கே நாங்கள் பிழைக்க வந்த இந்த ஊர்க்காரர் ஒருவர், தமிழ் பேசும் நம் ஆள் ஒருவர். நடுவில் நான், வீட்டுப் படுக்கையறையில், காதில் ஹெட்செட்டோடு.

முக்கியமான விதி ஒன்றுதான். யார் பேசினாலும் நான் அவராகவே பேச வேண்டும். "அவருக்கு மூட்டு வலியாம்" என்று சொல்லக் கூடாது, "எனக்கு மூட்டு வலி" என்றுதான் சொல்ல வேண்டும். இந்த வகையில் எனக்கு வராத வியாதியே கிடையாது. போன மாதம் புரோஸ்டேட்கூட வந்தது.

அன்று மதியம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து அழைத்தார்கள். பேசியவர் மாணவர்களுக்கான மனநல ஆலோசகர், நிதானமான பெண்மணி. எதிரே மேல்படிப்புக்கு வந்திருக்கும் நம் பெண் ஒருத்தி. "இவளுக்கு எங்கள் மொழி நன்றாகவே தெரியும். ஆனால் இதைத் தன் மொழியில்தான் பேச வரும் என்றாள்" என்றார் ஆலோசகர்.

"நீங்க சொல்றது எதுவும் வெளிய போகாதும்மா" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"சரிக்கா" என்றாள்.

தூக்கம் எப்படி? "பரவால்ல." சாப்பாடு? "ஏதோ உள்ள போகுது." வீட்டில்? "எல்லாரும் நல்லா இருக்காங்க." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடிப் பெண்ணே, இதைச் சொல்லவா நம் பாஷை வேண்டும் என்று கேட்டாய்? உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

ஆலோசகர் அவசரப்படவில்லை. காலையில் கண் விழித்ததும் என்ன தோன்றும் என்று கேட்டார். தமிழில் கேட்டேன்.

"ஏண்டா முழிச்சோம்னு இருக்கும்" என்றாள். "எழுந்திருக்கவே தோணாது. பேசாம இல்லாமலே போயிட்டா நல்லா இருக்குமேன்னு தோணும். யார்கிட்டயும் சொல்லல."

கவனித்தீர்களா, இதில் எங்கேயும் "நான்" கிடையாது. தமிழில் அது ஒரு சௌகரியம். யாருக்கு என்று சொல்லாமலே சொல்லிவிடலாம். இந்த ஊர் மொழியில் அது நடக்காது, "நான்" போட்டால்தான் வாக்கியமே நிற்கும். போட்டேன். "நான் ஏன் விழித்தேன் என்று இருக்கும். நான் இல்லாமலே போய்விட்டால் நல்லது என்று எனக்குத் தோன்றும். நான் யாரிடமும் சொல்லவில்லை." கடைசி வார்த்தையில் என் குரல் உடைந்தது. உடையக் கூடாதுதான். என்ன செய்ய, நான் என்ன மரக்கட்டையா?

அவளுக்குத்தான் அந்த மொழி தெரியுமே. "ஐயோ, நான்னு ஏங்க்கா போடறீங்க? அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. பொதுவாச் சொன்னேன்." நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "கிளாஸ் இருக்கு, கிளம்பறேன்னு சொல்லிடுங்க."

இவள் இப்போது எழுந்து போனால் மறுபடி வர மாட்டாள். அது எனக்குத் தெரிந்தது, சொல்லத்தான் அனுமதி இல்லை.

அந்த நேரம் பார்த்து அறைக் கதவு படாரென்று திறந்தது. என் வீட்டுக்காரர். பஸ் ஓட்டுகிறவர், மாலையில்தான் வருவார். அன்று எப்போது வந்தாரோ, யூனிஃபார்மோடு வெளுத்துப்போய் நிற்கிறார். என் வேலை என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். மூட்டு வலிக்கெல்லாம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் உடைந்த குரலில் அந்த வார்த்தைகளைக் கேட்டதும் எல்லாம் மறந்துவிட்டிருக்கிறது.

"என்னடி ஆச்சு உனக்கு? இதை ஏன் எங்கிட்ட சொல்லல? நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல? வேலையாவது மண்ணாவது, கிளம்பு, டாக்டர்கிட்ட போலாம். நீ இல்லாம நான் என்னடி பண்ணுவேன்?"

வாயைப் பொத்தச் சொல்லிச் சைகை செய்தேன், ஹெட்செட்டைத் தட்டிக் காட்டினேன். ம்ஹூம். மனிதர் தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார். அத்தனையும் மைக்கில் போய்க்கொண்டிருந்தது. என் வேலை போச்சு என்று நினைத்தேன்.

"அக்கா, யாரு அது?" என்றாள் அந்தப் பெண்.

"என் வீட்டுக்காரர். மன்னிச்சிடும்மா, நான்..."

"அவர்கிட்ட பயப்பட வேணாம்னு சொல்லுங்க" என்றாள். "அது நீங்க இல்லன்னு சொல்லுங்கக்கா. அது நான்தான்."

நான் வாயைத் திறப்பதற்குள் அதையே ஆலோசகரிடம் அவர் மொழியில் அவளே சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள், நன்றாக அழுதாள். ஆலோசகர் அவளை அழவிட்டார். பிறகு, இன்றைக்கு உன்னைத் தனியாக விடப்போவதில்லை, டாக்டரைப் பார்க்க நானும் கூட வருகிறேன் என்றார். வீட்டில் யாரிடமாவது பேச முடியுமா என்று கேட்டார்.

"அப்பாகிட்ட சொன்னா அவரும் இப்படித்தான் பதறுவாருக்கா" என்றாள் என்னிடம்.

"பதறட்டும்டி! பெத்தவர் பதறாம பக்கத்து வீட்டுக்காரனா பதறுவான்?"

என் வாய் முந்திக்கொண்டது. பேசியது எதையும் மறைக்கக் கூடாது என்பதும் விதி. "தகப்பன் பதறட்டும் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார்" என்று ஆலோசகரிடம் ஒப்பித்துவிட்டுத் திட்டுக்குக் காத்திருந்தேன். "மொழிபெயர்ப்பாளர் சொல்வது சரிதான்" என்றார் அவர்.

தன் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அழைத்தாள்.

"என்னடா கண்ணு, இந்நேரத்துல? கிளாஸ் இல்லையா?"

"அப்பா, நான் நல்லா இல்லப்பா."

அவர் பதறினார்தான். என்னவோ கீழே விழுந்து உடையும் சத்தம்கூடக் கேட்டது. இரண்டு மூன்று தடவை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

அப்பா என்ன சொல்கிறார் என்று ஆலோசகர் என்னைக் கேட்டார்.

"ஃபோனை வைக்காதே கண்ணு, நான் இருக்கிறேன்" என்றேன்.