கத்தாத பிராசசர்

ஓசூர் சிப்காட்டில் மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. புரோகிராம்படி இரும்பைச் செதுக்கும் சிஎன்சி மெஷினில் வேகத்தைக் கூட்டும் குமிழைக் கண்டால் கை சும்மா இருக்காது. நூறில் ஓட வேண்டியதை நூற்றிருபதுக்குத் திருகுவார்கள். கட்டர் கீச்சென்று கத்தினால் ஒரு புள்ளி குறைப்பார்கள். கத்தவில்லையா, அப்படியே ஓட்டுவார்கள். லியோவும் வருஷக்கணக்கில் அப்படி ஓட்டிவிட்டுத்தான் புரோகிராம் போடும் அறைக்கு வந்து உட்கார்ந்தவன். நாற்காலி மாறினால் கை மாறிவிடுமா?

அந்த அறையில் இருந்த கம்ப்யூட்டர் சரியான ஆமை. ஒரு அச்சைக் குடையக் கட்டர் போக வேண்டிய பாதையைக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் கொட்டாவி வந்துவிடும். புதுசு கேட்டால் முதலாளி வெள்ளைச்சாமி, "இருக்கிறத வச்சு ஓட்டுய்யா" என்பார். லியோ ஓட்டினான். மார்கழிக் குளிரில் ஒருநாள் கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் புகுந்து, கணக்குப் போடும் பிராசசரின் வேகத்தை ஏற்றினான். நீலத்திரை காட்டி விழுந்தது. வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டினான். சோதனை ஓட்டம் பாதியில் நின்றது. ராம் வேகத்தைக் குறைத்தான், பிராசசரிலும் ஒரு புள்ளி இறக்கினான். அதன்பிறகு சோதனை முழுசாக ஓடியது. கத்தவில்லை, விழவில்லை, அப்புறமென்ன! பாதை பாதி நேரத்தில் வந்து விழ, முதலாளியே தோளைத் தட்டினார். எப்படி என்று அவர் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

சித்திரை வந்தது. ஓசூர் குளிர்ந்த ஊர் என்பதெல்லாம் பழைய கதை. ஏசி இல்லாத அந்த அறை அடுப்பாகக் காய்ந்தது. கம்ப்யூட்டர் அவ்வப்போது தானாக அணைந்தது. லியோ கரண்டைத் திட்டினான், யூபிஎஸ்ஸைத் திட்டினான், தன் கையை மட்டும் திட்டவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை முனிவேல் மெஷினில் நின்றான். ஜவளகிரிக்காரன், காண்ட்ராக்ட் ஆள். அடுத்த மாதம் பர்மனென்ட் செய்வதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பித்தான் மனைவி ரஞ்சிதாவைக் கூட்டிவந்து பாகலூர் ரோட்டில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தான். லியோ அனுப்பிய புரோகிராம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று, மேலே எழும்ப வேண்டிய கட்டர் கீழே இறங்கி, அச்சைக் குடைந்து, அதைப் பிடித்திருந்த வைஸில் போய் மோதியது. கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் காலி. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஜீரோவத் தப்பா வச்சிருக்கான். கம்ப்யூட்டர் போட்ட கணக்கு தப்பாகுமா?" என்றார் வெள்ளைச்சாமி. கட்டர் அளவைத் தொடங்கும் புள்ளிதான் ஜீரோ, அதை வைப்பது மெஷின் ஓட்டுகிறவன் வேலை. மெஷின் மோதினால் முதல் பழி ஓட்டியவன் மேல்தான். அங்கே அது சட்டம் மாதிரி.

லியோ அறைக்கு ஓடி, அதே அச்சுக்கு மறுபடி கணக்குப் போட வைத்தான். புதுப் பாதை சரியாக இருந்தது. பழையதில் ஒரே ஒரு வரியில் ஆழம் தப்பு. அதே கம்ப்யூட்டர், அதே அச்சு, இரண்டு விடை. அடப்பாவி! அளவுக்கு மீறிச் சூடானால் பிராசசர் கட்டரைப் போலக் கத்தாது, வாயை மூடிக்கொண்டு தப்பாகக் கூட்டும் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. புத்திக்கு முன்னால் பயம் முந்திக்கொண்டது. பழைய ஃபைலின் மேல் புதியதைப் பதித்தான். மெஷினுக்கும் அதையே அனுப்பினான். பயாஸைப் பழைய நிலைக்குத் திருப்பினான். எல்லாம் முடிந்தபிறகுதான், தான் அழித்தது முனிவேலின் சாட்சியை என்று புரிந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். லியோவுக்குச் சோறு இறங்கவில்லை. கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தால் சாமியார் மன்னித்துவிடுவார். முனிவேலுக்கு வேலை போட்டுக் கொடுப்பாரா?

வெள்ளிக்கிழமை, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முனிவேலிடம் சொல்லிவிட்டார்கள். லியோ நேரே முதலாளி முன்னால் போய் நின்றான்.

"சார், முனிவேல் மேல தப்பில்ல. நான்தான் கம்ப்யூட்டர் வேகத்த ஏத்தி வச்சிருந்தேன். கணக்கு தப்பா வந்திருச்சு."

"எங்கய்யா தப்பு? காட்டு."

"அழிச்சிட்டேன் சார். பயத்துல."

வெள்ளைச்சாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, மறுபடி ஏத்தி ஓட்டு. பாப்போம்."

அவர் கண்ணெதிரே ஏற்றி ஓட்டினான். மத்தியானம் பெய்த கோடைமழையில் அறை குளிர்ந்து கிடந்தது. பாதை சரியாக வந்தது. மறுபடி ஓட்டினான். மறுபடியும் சரி. கெட்டுப் போ, ஒரே ஒரு தடவை கெட்டுப் போ என்று மாதாவை வேண்டிக்கொண்டே மூன்றாவது தடவையும் ஓட்டினான். அந்தச் சனியன் பிடித்த பெட்டி அச்சுப் பிசகாமல் கணக்குப் போட்டது.

"கூட்டாளிக்காகப் பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும்யா" என்று சிரித்தபடி எழுந்து போனார் வெள்ளைச்சாமி.

வாசலில் முனிவேல் டிபன் பையோடு நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"நெசமா நான்தான் முனிவேலு. சத்தியமா."

முனிவேல் அவன் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "வுடுண்ணா. எனக்காக உன் வேலயும் போவணுமா? எத்தினி வாட்டி யோசிச்சாலும் ஜீரோவ சரியா வச்ச மாரிதான் ஞாபகம் வருது. ஆனா கம்ப்யூட்டர் தப்புப் பண்ணுமா? நான்தான் எங்கியோ அசந்துட்டேன். கூடப் பொறந்தவன்கூட இப்பிடி வந்து நிக்க மாட்டான்ணா."

என்ன சொன்னாலும் அது இன்னும் கொஞ்சம் நல்லவனாகத்தான் தன்னைக் காட்டும் என்று லியோவுக்குத் தெரிந்தது.

"வா, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம். நான் வாங்கித் தரேன்" என்றான் முனிவேல்.

லியோ பின்னாலேயே போய், அவன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தான்.