முடிவு நாள் இல்லாத காப்பு

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் வேளையில், கரம்பொன் கள்ளுத் தவறணையின் கதவைத் திறந்த, மருந்துச்சாலை வைத்தியரான அப்போதிக்கரி கதிர்காமரின் முகத்தில் முதலில் வந்து முட்டியது புளித்த கள்ளின் வாடைதான். அவர் முன்னின்று, ஊரார் வாக்களித்துத் தவறணையை மூடி ஓராண்டாகிவிட்டது. மண் நிலத்தைக் கொத்திப் புதுமண் பரப்பிச் சாணத்தால் மெழுகியாயிற்று. சுவருக்குச் சுண்ணாம்பு பூசி முருகப்பெருமானின் படத்தையும் மாட்டியாயிற்று. ஆயினும் மழை பெய்து ஓய்ந்த நாள்களில் அந்நிலம் தன் பழைய மூச்சை விடாதிருந்ததில்லை. குடித்த இடத்திலேயே, குடியை விட்டவர்கள் கூடி இறைவனைப் பாடவேண்டும் என்பது கதிர்காமருடைய எண்ணம். வென்ற படை பகைவனின் கோட்டையில் கொடியேற்றுவது போல என்று முதற்கூட்டத்தில் பெருமிதத்தோடு சொல்லியிருந்தார். அந்த வாடைக்குள் இருந்துவிட்டு எழுந்து போகிறவர்களின் தொண்டை என்ன பாடுபடும் என்பதை அன்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

அவர் தொடங்கிய மதுவிலக்குச் சபையில் சேர்கிற ஒவ்வொருவரும் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்வார். கதிர்காமர் அவருடைய வலக்கையில் மஞ்சள் நூலால் காப்புக் கட்டுவார். விரதத்துக்குக் காப்புக் கட்டினால், விரதம் நிறைவுறும் நாளில் கட்டியவரே அதை அவிழ்ப்பது ஊர் வழக்கம். சபையின் காப்புக்கோ அப்படியொரு நாள் குறிக்கப்படவில்லை. உயிருள்ளவரை என்பதே சத்தியம். அதுவே சபையின் சிறப்பென்று எல்லாரும் கருதினர்.

சில மாதங்களாகக் கதிர்காமரின் நெஞ்சில் ஓர் ஐயம் ஊறிக்கொண்டிருந்தது. குடியை விட்டவர்கள் ஒவ்வொருவராக மருந்துச்சாலைக்கு வந்து, நித்திரை இல்லை, நெஞ்சில் பாரம் ஏறிக் கிடக்கிறது, சோற்றைக் கண்டால் வெறுப்பாயிருக்கிறது என்றார்கள். ஈரலைத் தொட்டுப் பார்த்தால் வீக்கம் வற்றியிருக்கும். முகத்தைப் பார்த்தால் ஒளி வற்றியிருக்கும். குடியை மேலே படர்ந்த பாசியென்றும், அதன் கீழே கிடந்த துக்கமே கேணியின் ஆழமென்றும் அவருக்கு மெல்லத் தோன்றலாயிற்று. ஆகவே அன்று பதிகம் பாடி முடித்ததும் வழக்கமான கேள்வியை அவர் கேட்கவில்லை.

"குடிச்சனீங்களோ எண்டு இண்டைக்கு நான் கேக்கப்போறதில்லை. குடியாத நேரம் மனம் எப்பிடி இருக்கு எண்டு சொல்லுங்கோ."

வாங்குப் பலகையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மீன்பிடிகாரரான யாகப்புதான் முதலில் வாய் திறந்தார். அவருக்குக் கையில் காப்பு இல்லை. கத்தோலிக்கரானதால், கழுத்தில் தொங்கிய அந்தோனியார் சுரூபத்தைத் தொட்டே சத்தியம் செய்திருந்தார்.

"மனமோ ஐயா? அது வள்ளத்தோடை கடலுக்குப் போட்டுது. உடம்புதான் இஞ்சை இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவரே குனிந்து, "பொழுது படேக்கைதான் கொஞ்சம் கஷ்டம்," என்றார். அவருக்குப் பக்கத்திலிருந்த மாட்டுக்காரச் சின்னக்குட்டி தன் உள்ளங்கையைப் பார்த்தபடி, "மகள் செத்தாப்பிறகுதான் நான் அதைத் தொட்டனான்," என்று சொல்லி நிறுத்தினான்.

கதிர்காமர் சொன்னார்: "துக்கம் தாகம் மாதிரி. கள்ளு எங்கடை தீவின்ரை உவர்க்கிணத்துத் தண்ணி மாதிரி. குடிக்கிற நேரம் தொண்டை நனையும். பிறகு முந்தினதிலும் பாக்கத் தாகம் கூடும்."

மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. "எங்கடை வளவிலை இருக்கிறது உவர்க்கிணறு மட்டும்தான் ஐயா. வேறை கிணறு இல்லாதவன் என்ன செய்யிறது?"

பேசியவர் செல்வரத்தினம். பாய்க்கப்பலில் சுக்கான் பிடித்தவர். முதன்முதலாகக் காப்புக் கட்டிக்கொண்டவர், ஒருநாளும் தவறாதவர். வரும் திருவிழாவில் அவருக்குச் சால்வை போர்த்துவதென்று சபை தீர்மானித்திருந்தது.

"ஏன் காணும், உமக்கு என்ன நடந்தது?" என்றார் யாகப்பு. "காணி பறிபோச்சுதோ, பெண்சாதி கோவிச்சுக்கொண்டு போட்டாவோ?"

"ஒண்டும் நடக்கேல்லை."

"ஒண்டும் நடவாமலோ இந்த முகம்?"

"ஓம். ஒண்டும் நடக்கேல்லை. சின்னனிலை இருந்தே அது என்னோடை இருக்கு. கள்ளுக் குடிச்சால் அது நித்திரையாப் போகும். இப்ப நித்திரை கொள்ளுதில்லை." அவர் எழுந்து வந்து தம் வலக்கையைக் கதிர்காமரின் முன் நீட்டினார். "கட்டினது நீங்கள். நீங்களே அவிழ்த்து விடுங்கோ. நான் சத்தியம் மீற மாட்டன். அவிழ்த்து விட்டால் மீறினதாகாது."

கதிர்காமர் அந்த நூலைப் பார்த்தார். வியர்வையில் கறுத்து இறுகியிருந்தது. பிறகு வாங்கைப் பார்த்தார். எத்தனை கண்கள் அந்த முடிச்சின் மேல் ஊன்றி நின்றன என்பதைக் கண்டார். இதை அவிழ்த்தால் சபையே அவிழ்ந்துபோகும் என்ற நினைவே அவர் விரல்களைத் தடுத்தது.

"நாளைக்கு மருந்துச்சாலைக்கு வாரும். பேசுவம்."

செல்வரத்தினம் கையை மடக்கிக்கொண்டு தம் மூலைக்குத் திரும்பினார். நிறைவுப் பதிகத்தில் அவருடைய குரல் சுருதி பிசகாமல் ஓங்கி ஒலித்தது. கேட்ட கதிர்காமருக்கு ஆறுதலாயிருந்தது. இவ்வளவு இனிமையாகப் பாடுகிறவனுக்குக் கேடு வராது என்று எண்ணியபடி அவர் கதவைப் பூட்டினார்.

மறுநாள் செல்வரத்தினம் வரவில்லை. உச்சிவேளையில் கதிர்காமரே குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். பனங்கூடலுக்கு அப்பால், வளவின் படலையடியில், செல்வரத்தினத்தின் மனைவி செல்லாச்சி அயல்வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வந்துகொண்டிருந்தாள்.

"உங்கடை கிணறு வத்திட்டுதோ பிள்ளை?"

"தண்ணி கிடக்கு ஐயா. கயித்தைத்தான் எடுத்து ஒளிச்சுப் போட்டன்."

கயிறு தண்ணீருக்கு மட்டும் உதவுவதில்லை என்பது அவருக்குப் புரிந்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவளே சொன்னாள். "குடிக்கிற காலத்திலை அடிப்பார். அடிச்சுப்போட்டு என்ரை காலைப் பிடிச்சு அழுவார். இப்ப அடியும் இல்லை, அழுகையும் இல்லை. நேத்து ராவு, எங்கையேன் போய்க் கொஞ்சம் குடிச்சிட்டெண்டாலும் வாங்கோ எண்டு நானே சொன்னனான். காப்பைத் தூக்கிக் காட்டினார்."

குடிசைக்குள் செல்வரத்தினம் பாயில் மல்லாந்து கிடந்தார். கண்கள் திறந்திருந்தன. கதிர்காமர் அருகில் அமர்ந்து அந்தக் கையை எடுத்தார். முடிச்சு விரலுக்கு இளகவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தார். நாவில் உப்புக் கரித்தது. நூல் அறுந்து விழுந்தது. கட்டியிருந்த இடத்தில் தோல் வெளிறிக் கிடந்தது.

"அவிழ்த்திட்டன் செல்வரத்தினம். நீர் ஒரு பிழையும் செய்யேல்லை."

"நல்லது ஐயா." குரல் எங்கோ தொலைவிலிருந்து வந்தது. "இனி நான் எங்கை போறது? தவறணையையும் நீங்கள்தானே பூட்டினது." அவர் இதழில் சிரிப்புப் போல ஒன்று தோன்றி மறைந்தது. "குடிச்சாலும் இனி அது நித்திரை கொள்ளாது. இவ்வளவு நாளும் வெறியில்லாமல் இருந்து அதின்ரை முகத்தை நல்லாப் பாத்திட்டன்."

ஒரு பதிகத்தையாவது பாடுவோமென்று கதிர்காமர் நெஞ்சுக்குள் தேடினார். இளமையிலிருந்து ஓதி ஓதித் தேக்கி வைத்த பாடல்கள் எல்லாம் அங்கே இருந்தன. அழுதவர்களும் இரந்தவர்களும் இறைவனை ஏசியவர்களும் பாடியவை அவை. வேண்டிக் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமற் போனவன் பாடியது எதுவும் அவற்றுள் இல்லை. வெளியே செல்லாச்சி உலை வைக்கும் ஓசை கேட்டது.

கூரையின் பொத்தல் ஒன்றின் வழியே இறங்கிய வெயில், பாயின் விளிம்பைக் கடந்து, தோளில் ஏறி, செல்வரத்தினத்தின் கண்ணில் வந்து விழுந்தது. அவர் இமைகளை மூடவுமில்லை; முகத்தைத் திருப்பவுமில்லை; நெஞ்சு மட்டும் ஏறித் தாழ்ந்தது. கதிர்காமர் சற்றே நகர்ந்து, தம் தலையின் நிழல் அம்முகத்தில் விழும்படி குனிந்து அமர்ந்தார். சிறிது நேரத்தில் வெயில் நிழலைத் தாண்டி மறுபடியும் கண்ணைத் தொட்டது. கதிர்காமர் மறுபடியும் நகர்ந்தார்.