இடது தோளில் முந்தானை

1

அக்கா தண்ணீருக்குள்ளிருந்து வருகிறாள். முதலில் நெற்றி, பிறகு மூக்கு. இப்போது யாரும் இந்தப் பக்கம் வராமல் இருக்க வேண்டும்.

இது விஜயலக்ஷ்மியின் நினைப்பு. அவள் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது. கல்கத்தா சால்ட் லேக்கில் ஒரு தமிழ் வீட்டு அலமாரியில், பழந்துணிகளை அடுக்கித் தைத்த காந்தாப் போர்வை ஒன்றைப் பார்த்தேன். அதில் சதுரம் சதுரமாக, நீல நிறத்தில், குடும்பத்தார் முகங்கள். நடுச் சதுரத்தில் ஒன்பது கஜம் கட்டிய ஒரு பெண். முந்தானை இடது தோளில்.

"நாங்க ஐயர். இவ மட்டும் ஏன் இப்படின்னு யாருக்கும் தெரியல" என்றார் வீட்டுக்காரர். அந்த இரண்டு வாக்கியங்கள்தான் என்னிடம் இருந்தன.

(ஐயர் வீட்டு மடிசாரில் முந்தானை வலது தோளில் வரும், ஐயங்கார் வீட்டில் இடது தோளில். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.)

2

"1909-ஆம் வருஷம், கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் படம் வரையும் உத்தியோகத்தில் இருந்த சீதாராமன்..."

வேண்டாம். இப்படித் தொடங்கினால் கதை அவருடையதாகிவிடும். ஆனால் அவரில்லாமலும் முடியாது. வரைபடங்களைப் பிரதியெடுக்கும் நீல மருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். மருந்தை மல் துணியில் தடவி இருட்டில் உலர்த்தி, மேலே போட்டோவின் கண்ணாடித் தகட்டை வைத்து மாடி வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் முகம் நீலமாக நிற்கும். சதுரங்களைச் சேர்த்துத் தைக்க விஜயலக்ஷ்மிக்குக் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி, அவர்கள் பேச்சில் பௌதி.

நடுச் சதுரம் ஜகதாம்பாளுக்கு. சீதாராமனின் முதல் மனைவி, விஜயலக்ஷ்மியின் அக்கா. காய்ச்சலில் போய் ஆறு வருஷம். [அடுத்த வருஷமே தங்கையை அதே வீட்டுக்குக் கல்யாணம் செய்து அனுப்பினார்கள். இதைப் பற்றி மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன். மூன்று பக்கமும் என் கோபம்தான். அவளுடையது ஒரு வரிகூட இல்லை.]

அக்காவின் தகட்டை விஜயலக்ஷ்மி புறம் மாற்றி வைத்துவிட்டாள். வலது இடதாகிவிட்டது. துணியை அலசிப் பார்ப்பதற்குள் தகடு படிக்கட்டில் நழுவி நொறுங்கியிருந்தது. காகிதப் படத்தைக் கரையான் முன்பே தின்றுவிட்டது. இனி ஜகதாம்பாளுக்கு இந்தத் துணி ஒன்றுதான்.

தைத்து முடித்ததும் முதலில் பார்த்தவள் எதிர்வீட்டு சாவித்ரி. "ஏண்டி விஜயம், உங்கக்கா எப்போடி ஐயங்காராத்துப் பொண்ணானா?"

விஜயலக்ஷ்மியும் சிரித்துவிட்டாள். சீதாராமன் சிரிக்கவில்லை.

3

அவரைக் கொடுமைக்காரராக எழுதிப் பார்த்தேன். கதை சுலபமாயிற்று, பொய்யுமாயிற்று. உண்மையில் அவர் மூன்று நாள் ஆபீஸிலிருந்து வந்ததும் காந்தாவின் முன்னால் உட்கார்ந்தார். இடக் கன்னத்து மச்சம் வலக் கன்னத்தில் இருந்தது. தான் எதிரே உட்கார்ந்து பார்த்த முகத்தை அவரால் அதில் கண்டுபிடிக்க முடியவில்லை.

விஜயலக்ஷ்மிக்கு அலசும்போதே அடையாளம் தெரிந்துவிட்டது. சிறு வயதில் அக்கா அவளுக்குத் தலை பின்னும்போது, இருவரும் நிலைக்கண்ணாடிக்குள் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். அந்த முகம் இது. ஜகதாம்பாள் தன்னைப் பார்த்துக்கொண்ட முகமும் இதுதான்.

4

"ஓரத்தைப் பிரிச்சுப் பின்பக்கம் பார்த்தேன், விஜயம்" என்றார் சீதாராமன். "மங்கல்தான். ஆனா அதுல அவ சரியா இருக்கா. அந்தச் சதுரத்தைத் திருப்பித் தைச்சுடேன். எனக்கு அவ முகம் மறந்துண்டு வரது."

கடைசி வாக்கியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அதை எழுதிவிட்டு இரண்டு நாள் எழுதவில்லை.

ஒரு முடிவு: அவள் திருப்பித் தைக்கிறாள், அவளுடைய அக்கா உள்பக்கம் போய்விடுகிறாள். இன்னொன்று: நிலைக்கண்ணாடியைப் பற்றிச் சொல்கிறாள், அவருக்குப் புரிகிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. சொல்லிவிடேன், ஒரு வரிதான் என்று அவளிடம் கேட்டும் பார்த்தேன்.

"சின்ன வயசுல நானும் அக்காவும்..." என்று விஜயலக்ஷ்மி

இல்லை. சொல்லவில்லை. அவர் பிரித்துவைத்த ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். ஊசியில் நூல் கோத்தாள். அவர் ஜன்னலை விட்டு நகர்ந்து வெளிச்சத்துக்கு வழிவிட்டார். பிரிந்த ஓரத்தை, படம் இருந்தபடியே, மறுபடி தைக்கத் தொடங்கினாள்.

"மறந்துபோறச்சே என்னைக் கேளுங்கோ, சொல்றேன்" என்றாள். "இது இப்படியே இருக்கட்டும்."