அருளம்பலத்துக்கு ரியூசன்

அருளம்பலத்தின் தலைக்குள் இருந்த கட்டியைப் போன வருடம் வெட்டி எடுத்தார்கள். அது திரும்ப முளைக்கிறதோ என்று பார்க்கத்தான் கிளினிக்கில் அந்தச் சின்னச் சோதனை. மணிக்கூடு கீற வேண்டும், மிருகங்களின் பெயர் சொல்ல வேண்டும், ஐந்து சொல்லைக் கேட்டுக் கொஞ்சம் பொறுத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். தடுமாறினால் ஸ்கானுக்கு அனுப்புவார்கள். இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பொன்றும் தேவையில்லை. ஆனால் அவருடைய மனைவி பராசக்தி படித்தவள். நல்லூரில் ரியூசன் கொடுத்து எத்தனையோ மொக்குப் பிள்ளைகளைப் பாஸ் பண்ண வைத்தவள். கெடுதி அங்கேதான் தொடங்கியது.

போன தடவை மனுசன் இரண்டு சொல்லைக் கோட்டை விட்டார். அவர் கீறிய மணிக்கூட்டில் எண்களெல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"புள்ளி குறைஞ்சிருக்கு அம்மா. அடுத்த முறையும் இப்பிடியெண்டால் உடனை ஸ்கான் எடுப்பம்" என்றாள் டொக்டர் கஜானி.

பராசக்தியின் காதில் முதல் வசனம் மட்டும்தான் ஏறியது. ரீச்சரின் புருசன் மணிக்கூடு கீறத் தெரியாமல் முழிக்கிறார் என்று நாலுபேர் கதைத்தால் அவள் எங்கே போய் முகத்தை வைப்பாள்? புள்ளி குறைந்தால் யாழ்ப்பாணத்தில் செய்வது ஒன்றுதான், ரியூசன். அடுத்தநாள் விடியவே அவரை மேசைக்கு முன்னால் இருத்தினாள்.

"சொல்லுங்கோ பாப்பம்."

"குடை, மாடு, பித்தளை..."

"பிறகு?"

"இஞ்சேரும், என்னை விடுமன். தோட்டத்துக்குப் போகோணும்."

கட்டின நாள் தொட்டு அவர் அவளை 'இஞ்சேரும்' என்றுதான் கூப்பிடுவார். அந்தக் குரலுக்கு இளகாதவள் அல்ல அவள். அன்றைக்கு இளகவில்லை.

"பள்ளிக்கூடம், மஞ்சள். திருப்பிச் சொல்லிப்போட்டு எழும்புங்கோ."

சொல்லும் மணிக்கூடுமாகப் பாடம் நாள் தவறாமல் நடந்தது. ஒரு கிழமை போக, பக்கத்துத் தோட்டத்துத் தம்பிராசா வீட்டுப் படலையடியில் வந்து நின்றான்.

"ரீச்சர், அண்ணை முத்தாத வாழைக்குலையெல்லாத்தையும் வெட்டிச் சரிச்சுப்போட்டார். மறிக்கப் போன என்னைப் பாத்து ஆரெண்டு கேக்கிறார்."

நீர்வேலியில் வாழையோடு பிறந்து வளர்ந்த மனுசன் பிஞ்சுக் குலையை வெட்டுவாரா? பராசக்திக்கு அது விளங்காமலில்லை. ஆனாலும் வாய் வேறு சொன்னது.

"வெய்யில் தலைக்கேறியிருக்கும். இதை ஊருக்குள்ளை கதைச்சுக்கொண்டு திரியாதை."

அடுத்த கிளினிக்கில் அருளம்பலம் வெளுத்து வாங்கினார். மணிக்கூட்டில் எண்களெல்லாம் சுற்றிவர ஒழுங்காக நின்றன. ஐந்து சொல்லும் மணிமணியாக விழுந்தன. மாற்றாமல் அதே சொற்களைக் கேட்ட கஜானிக்கும் சந்தோசம்.

"நல்ல முன்னேற்றம். ஸ்கானுக்கு இப்ப அவசரமில்லை. வீட்டிலை ஏதும் வித்தியாசம் தெரியுதோ அம்மா?"

வெட்டுண்ட குலைகள் பராசக்தியின் கண்முன்னே வந்தன. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம், பாவி.

"ஒண்டுமில்லை டொக்டர். நல்லா இருக்கிறார்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு முதல்நாள் அவருக்கு வலிப்பு வந்தது. அப்போது எடுத்த ஸ்கானில் கட்டி பழைய இடத்தையும் தாண்டிப் படர்ந்திருந்தது. இனி வெட்ட ஏலாது என்றார்கள்.

"அண்டைக்கு எல்லாம் சரியாச் சொன்னாரே?" என்று கஜானி தடுமாறினாள்.

"நான்தான் பாடமாக்க வைச்சனான்."

கஜானி ஸ்கான் படத்தைக் கீழே வைத்தாள். "இது பாஸ் பண்ணுற சோதினை இல்லையே அம்மா. அண்டைக்கு அவர் பிழையாச் சொல்லியிருந்தால் நேரத்தோடை பிடிச்சிருக்கலாம்."

பராசக்தி ஆஸ்பத்திரி வாட்டுக்குள் போனாள். கட்டிலில் கிடந்தவர் அவளை யாரோ போலப் பார்த்தார். அவள் கையைப் பிடித்ததும் ஒடுங்கிப்போய்த் தானாகவே தொடங்கினார்.

"குடை, மாடு, பித்தளை, பள்ளிக்கூடம், மஞ்சள்."

பிறகு அவள் முகத்தைப் பயந்து பயந்து பார்த்துக் கேட்டார்.

"சரியோ ரீச்சர்?"