ஆய்வு நாள் வெல்டர்

இலவசப் பயிற்சி மையத்தில் ஆறு மாதம் வெல்டிங் படித்தவளை ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். அங்கே கையில் கிடைத்தது துடைப்பம். அதற்குச் சான்றிதழ் எதுவும் தேவைப்படவில்லை. மூன்றாம் மாதம் மைய அதிகாரி ஆய்வுக்கு வந்ததும், முதலாளி அவசரமாக அவளுக்கு முகக்கவசத்தை மாட்டி, வெல்டிங் ஹோல்டரைக் கையில் திணித்தார். போட்டோ எடுத்தாயிற்று. முதலாளி போன் பேச வெளியே போனார்.

"இங்க என்னம்மா வேலை?" என்றார் அதிகாரி.

"வெல்டிங்தான் சார். நீங்க வர்ற அன்னைக்கு மட்டும்."

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "இதை எழுதினா உன் வேலை போயிடும்மா. அடுத்த நாலு பொண்ணுங்களும் இங்கதான் சேரணும். படிவத்துல 'வெல்டர்'னு போட்டிருக்கேன், கையெழுத்துப் போட்டுடு."

"நாலு பேருக்கு இங்க குப்பை பத்தாதே சார்!"

அவர் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். வீட்டில் அவள் சம்பளத்தை நம்பி மூன்று வயிறு. பேனாவை வாங்கி, 'வெல்டர்' என்பதை அடித்துவிட்டு, 'பெருக்குகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணிக்கொண்டு போனது.